நெல்லித்தோப்பு – அரியாங்குப்பம் எண்ணெய் வண்டி

அண்ணி,

இன்று காலை கடையில் ஒரு பிளம்பர் சொலூஷன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறேனோ என்று சந்தேகம். பைப்பையும் எல்போவையும் ஒட்டுகிற அந்தப் பசையின் வாடை எனக்கு மூக்கில் ஏறுவதே நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. இன்று ஏறியது. அப்போதெல்லாம் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தால், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே "பைப்பு வந்துடுச்சு" என்பீர்கள். வாடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். பிளம்பர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது அண்ணன்தான். யாரும் இல்லாத ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கி, இரும்பு தோண்டி, எண்ணெய் எடுத்து, தொழிற்சாலைக்குமேல் தொழிற்சாலையாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அண்ணனுக்கு ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது. நாம் இருவரும் பிடித்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள் உங்களுக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் பகலெல்லாம் நீங்கள், கடை விட்டு வந்ததும் நான். இருவருக்கும் ஒரே ஆட்டம், அதில் ஒரே ஆள். எழுந்து போகிறவர் அந்த ஆளை எங்கே நிறுத்திவிட்டுப் போகிறாரோ, அடுத்தவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். போகப் போக அதுவே நாம் ஒருவருக்கொருவர் விட்டுச்செல்லும் சேதி ஆகிவிட்டது. பாதியில் நின்ற வேலைக்கு முன்னால் ஆள் நின்றால், இதை முடி என்று அர்த்தம். நான் கட்டிய கோணல் சுவருக்கு எதிரே நின்றால், கிண்டல். பேசிக்கொள்ளாமலே நமக்கு எல்லாம் புரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் ஊற்று ஏரிக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில். அதைச் சுத்திகரிக்கும் ஆலை இந்தப் பக்கம். நம்ம ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரியாங்குப்பத்தைப் போலத் தண்ணீரைத் தாண்டிப் போக வேண்டிய இடம் என்பதால் ஊற்றுக்கு அந்தப் பெயரையே வைத்தீர்கள். ஆலைக்கு நம்ம வீடு இருக்கும் நெல்லித்தோப்பின் பெயர். எண்ணெயை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் சண்டை. நான் பைப் என்றேன். பைப் கடையில் நிற்கிறவள் வேறென்ன சொல்வேன்? நீங்கள் ரயில் என்றீர்கள். தூரம் கூடக் கூடப் பைப்பில் வரத்து குறையும், வழி நெடுகப் பம்ப் வைக்க வேண்டும், கரண்ட் போனால் அத்தனையும் படுத்துவிடும் என்று எனக்கே பைப் பாடம் எடுத்தீர்கள். ரயில் மட்டும் சும்மா ஓடுமா, இரண்டு பக்கமும் தொட்டி கட்டணும், சிக்னல் போடணும், ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் ஆலை காய்ந்து கிடக்குமே என்றேன்.

"கெடக்கட்டுமே கலா. கொஞ்ச நேரம் காஞ்சா என்னா? வண்டிதான் வருதுல்ல?"

கீபோர்டுக்குப் பக்கத்தில் உங்கள் தண்ணீர் பாட்டில் இருக்கும். பேனாவால் கோடு போட்ட பாட்டில். அந்தக் கோடு வரைக்கும்தான் ஒரு நாளைக்கு, டாக்டர் சொன்ன அளவு. என்னை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு மூடினீர்கள்.

பகல் உங்கள் கையில் இருந்ததால் ஜெயித்ததும் நீங்கள்தான். நான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் தண்டவாளம் போட்டு முடித்திருந்தீர்கள். முதல் நாளே இரண்டு வண்டிகள் ஒரே தடத்தில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமலே வந்துவிட்டது. அப்புறம் ஒழுங்காக ஓடியது. ஓட ஆரம்பித்ததும் நீங்கள் மேற்கொண்டு எதுவும் கட்டவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நான் உட்கார்ந்தால், ஆள் அரியாங்குப்பம் பிளாட்பாரத்தில் வண்டி வரும் பக்கம் பார்த்து நிற்பான். எனக்கு எரிச்சலாக வரும். இன்னொரு ஸ்டேஷன் கட்டிக் கதிர்காமம் என்று பெயர் வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். "அங்க போற வண்டி நமக்கு வேணாம்" என்றீர்கள். அந்த வண்டி உங்களுக்கு வெறும் எண்ணெய்க்காக இல்லை என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காய்ச்சல் கண்டு உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் அதைச் செய்தேன். பத்து நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. உங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் எதையாவது சரிசெய்தே ஆக வேண்டும்போல இருந்தது. என் கைக்கு எட்டியது அந்த விளையாட்டு ஒன்றுதான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். பிளாட்பாரத்தை எடுத்தேன். நீங்கள் ஒரு பெரிய மரத்தை வெட்ட மனமில்லாமல் தடத்தை அதைச் சுற்றி வளைத்துப் போட்டிருந்தீர்கள். எனக்குப் பைப் நேராகப் போக வேண்டும். மரத்தை வெட்டினேன். ஏரி நெடுகப் பம்ப் வைத்தேன். எண்ணெய் நிற்காமல் வந்தது, ஆலையில் ஒரு மிஷின்கூட ஓயவில்லை. அண்ணி வந்து பார்த்தால் அசந்துபோவார் என்று இருந்தேன்.

நீங்கள் வந்து, பைப்பை ஒட்டியே ஆளை நடத்திக்கொண்டு ஏரிக்கரை வரை போய்ப் பார்த்தீர்கள். நான் பின்னால் பெருமையோடு நின்றேன்.

"வண்டி எங்க?" என்றீர்கள்.

"பிரிச்சு பொட்டில வச்சிட்டேன் அண்ணி. இனிமே அது தேவையில்ல."

"நல்லா இருக்குது. நிக்காம வருது."

அதன்பிறகு கண் வலிக்கிறது என்று அதிகம் உட்காரவில்லை. உட்கார்ந்த மூன்று நாளும், சாயங்காலம் நான் திறந்தபோது ஆள் ஏரிக்கு அந்தக் கரையில், பிளாட்பாரம் இருந்த வெறும் தரையில் நின்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த இடத்தில் பிரஷர் குறைகிறது, இதைப் பார் என்கிறீர்கள் என்று நினைத்தேன். முதல் நாள் ஜாயின்ட்டைப் பார்த்தேன். இரண்டாம் நாள் ஒரு பம்ப் வைத்தேன். மூன்றாம் நாள் இன்னொன்று. நான்காம் நாள் ஆள் அங்கே இல்லை, நீங்கள் தொடவே இல்லை. சரியாகிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். இரண்டு மாதத்தில் போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார்.

"ஆஸ்பத்திரிலதான் ஒடம்பு பூரா பைப்பா கெடக்குறேன், வீட்லயும் பைப்பு போட்டு வச்சிருக்கா ஒன் தங்கச்சின்னு சொல்லிச் சிரிச்சா."

அண்ணனும் சிரித்தார். அவருக்கு அது நல்ல நினைவு. நான் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து விட்டு நின்றேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை அண்ணி? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே தண்டவாளத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்திருப்பேனே. இப்படிக் கேட்கும்போதே தெரிகிறது, நீங்கள் மூன்று நாள் சொன்னீர்கள்.

பைப் முழுவதையும் பிடுங்கிவிட்டேன். தண்டவாளத்தைத் திரும்பப் போட்டேன். ஞாபகத்தில் இருந்த வரைக்கும் அதே இடம், அதே ஸ்டேஷன் பலகை, அதே பெயர்கள். வளைவையும் அப்படியே போட்டேன். ஆனால் அந்த விளையாட்டில் வெட்டிய மரம் திரும்ப முளைக்காது. வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு வண்டி வளைந்து போகிறது. பார்க்கிறவர்கள் எந்த மடையன் தடம் போட்டான் என்பார்கள். ஆலை பாதி நேரம் காய்ந்து கிடக்கிறது. வண்டி வருகிறது, எண்ணெயை இறக்குகிறது, போகிறது. இதனால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. யாருக்காகப் போட்டேனோ அவர் இல்லாத இடத்தில் எது ஓடினால் என்ன?

ஆனாலும் பழக்கம் விடவில்லை. எழுந்து போகும்போது ஆளை அரியாங்குப்பம் பிளாட்பாரத்தில், வண்டி வரும் பக்கம் பார்த்து நிறுத்திவிட்டுப் போகிறேன். மறுநாள் பகல் முழுக்கக் கடையில் எல்போவும் டீ ஜாயின்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இப்போது அண்ணி எங்கே நகர்த்தியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்துவிடுகிறேன். சாயங்காலம் வந்து திறக்கிறேன். நான் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறான்.

கலா