நீலத்திலிருந்து சிவப்புக்குத் தாவ வேண்டியவன்

என் அருமை மணி,

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த துக்கத்துடன் அறிவிப்பது யாதெனில், நம் வகுப்பின் பின்பக்க ஜன்னலுக்குக் கம்பி போட்டுவிட்டார்கள். அவ்வழிப் போக்குவரத்து நிரந்தரமாக நின்றது.

இரண்டாவது செய்திதான் பெரிசு. சோலார் பலகைக்குச் சிலிக்கானே வேண்டாம், வண்டிக்கு அடிக்கிற நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசி, மேலே சிவப்புச் சாயம் பூசினால் வெயிலில் மின்சாரம் வரும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து என் காதைத் துளைத்தாயே. அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகாமல் இருந்தால் நீயே செய்திருப்பாய். நேற்றுப் பள்ளிக் கண்காட்சியில் நான் செய்தேன்.

அந்தச் சாயத்துக்கு எங்கே போவது? ஆட்களை வைத்தே நடத்தினேன். அப்பாவின் கம்பெனியில் பெயின்ட் துடைத்துப் போடும் துணிகளை வாங்கிவந்து, எட்டாம் வகுப்புக்கு நீலம், ஒன்பதுக்குச் சிவப்பு என்று கட்டினேன். நடுவே சுண்ணாம்புக் கோடு. கோட்டைத் தாண்டி ஓடுகிறவன் சுவிட்சைத் தட்டினால் எரிகிற மாதிரி, சிவப்புக்கு அப்பால் ஒரு பேட்டரி பல்பு.

"கரண்டுன்னு சொல்லிட்டு கபடிக்கா ஆள் சேக்கற?" என்றார் இயற்பியல் சார்.

நம் பழைய ஏற்பாட்டில் நீ எலக்ட்ரான், நான் அது விட்டுப்போகிற காலியிடமான துளை. "உன் ஓட்டை வாய்க்கு வேற வேஷம் பொருந்தாதுடா" என்றாய். இப்போது உன் வேஷம் எனக்கு. துளை, நம் வகுப்பு ஏழுமலை. கையெல்லாம் வியர்வை.

நான் விளக்கியதை நீ கேட்டிருக்க வேண்டும். வெயில் பட்டதும் எலக்ட்ரானும் துளையும் ஜோடியாகப் பிறக்கும். சிலிக்கானில் சட்டென்று பிரிந்துவிடும்; சாயத்தில் ஒன்றையொன்று விடாது. தடுமாறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் கோடு வந்துவிட்டால், எலக்ட்ரான் சிவப்புக்குத் தாவி, கம்பி வழியே ஓடி, பல்பை எரித்துவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்கம் துளையிடமே வந்து சேரும். பிரியாவிட்டால் உள்ளேயே அணைந்துபோகும். மிச்சம் வெறும் சூடு.

முன்வரிசையில் உன் அம்மா. "எம் புள்ள யோசனை இது. நல்லா எரிய வுடுப்பா."

"எரிஞ்சாத்தான் காஞ்சிபுரம் போட்டிக்கு அனுப்புவேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

ஒருத்தன் கண்ணாடியால் எங்கள்மேல் வெயிலை அடித்தான். கைகோத்து, நீலக் கூட்டத்தில் முட்டிமோதி, கோட்டுக்கே வந்துவிட்டோம். என் திறமையைப் பார்த்து ஹெட்மாஸ்டரே வாயடைத்து நின்றார்.

சரி, ஏன் வாயடைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்பு எரியவில்லை மணி.

"கோடு வந்துச்சிடா, கைய வுடு" என்றான் ஏழுமலை.

"வுடறேன் இரு."

"வுட மாட்டேன்றான் சார், கை வலிக்குது."

நீலமும் சிவப்பும் சேர்ந்து சிரித்து உருண்டன. உன் அம்மாவும்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் ஏன் கையை விடவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்குமோ?

திங்கட்கிழமை இன்னொரு தடவை செய்யச் சொல்லியிருக்கிறார் ஹெட்மாஸ்டர். அன்றைக்கு விட்டுவிடுவேன், சத்தியமாக. சுற்றி வந்தால் மறுபக்கம் ஏழுமலைதான் நிற்பான், நீ நிற்கமாட்டாய் என்று தெரிந்தே ஓடுவேன்.

உன் வீட்டுச் சோற்றில் இன்னும் பங்கு கேட்கும் தம்பி,
சேகர்
ஸ்ரீபெரும்புதூர், 1991