வரைபடத்தில் வேறொரு கை

10 நவம்பர் 2009, செவ்வாய்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க எல்லைப்புற நகரமொன்றில் பெயரெடுத்த கட்டடக் கலைஞரைப் பற்றியது என் ஆய்வு. அவருடைய நீதிமன்றக் கட்டட வரைபடத்தின் மூலையில் இருப்பது அவர் எழுத்தல்ல, உதவியாளரின் எழுத்து என்று இன்று உறுதியாகத் தெரிந்தது. அப்படியென்றால் அதை வரைந்ததும் உதவியாளராகத்தான் இருக்கவேண்டும். அதே கலைஞரைப் பற்றிப் புத்தகம் எழுதும் குமரன் அண்ணையிடம் வரைபடத்தின் பிரதியைக் காட்டினேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

“இதை ஒருத்தருக்கும் இப்ப சொல்லாதையும். பிரதியை என்னட்டைத் தாரும், நான் வடிவாப் பாக்கிறன்.”

“பிறகு தாறன் அண்ணை,” என்றேன்.

லண்டனில் நான் இறங்கும் விம்பிள்டன் நிலையம் வரும்வரை ரயிலில் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியுமோ?

வீட்டுக்கு வந்ததும், போன மாதம் அவர் வாசிக்கத் தந்த அத்தியாயத்தைப் பிரித்தேன். அதே வரைபடம் அதில் இருக்கிறது. எழுத்து இருந்த மூலையை மட்டும் வெட்டியிருக்கிறார்.