ஒன்பது சென்டிமீட்டர்

ஹெஸ்தாய் தீவு, நார்வே
பிப்ரவரி 11

அன்புள்ள தங்கை மோல்ஃப்ரிக்கு,

நீயும் பியார்னேவும் நலம்தானே? ஸ்பெயினில் இப்போதே வெளியே உட்கார்ந்து காபி குடிக்கிற அளவுக்கு வெயிலாம், உன் அத்தான் எய்லெர்ட் சொன்னார். இங்கே இரண்டு வாரமாகத் தெருவெல்லாம் பனிக்கட்டி. நான் வெளியே போவதில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உட்கார முடியாததால் சமையலறை மேசையருகே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். இன்று மூன்றாவது நாள். போனில் பேசினால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எனக்கு முதுகுப் பிடிப்பு என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பிடிப்பு இல்லை. போன மார்ச்சில் உருளைக்கிழங்கு வேகவைத்த பானையைத் தண்ணீர் வடிக்கத் தூக்கினேன். முதுகுக்குள் ஏதோ நொறுங்கியது. டாக்டரிடம் போனால், சதை பிடித்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் தும்மினேன். வெறும் தும்மல்தான். அன்று என்னைத் தரையிலிருந்து எழுப்ப எய்லெர்ட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. வயதானால் இப்படித்தான் என்றார்கள். நானும் நம்பினேன். நம் அம்மா கூனிப் போனதையும் வயது என்றுதானே நினைத்தோம்?

நவம்பரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். இருபத்தெட்டு வருஷம் நான் நின்று வண்டிகளை ஏற்றிவிட்ட அதே படகுதான். கார் சரிவுப் பலகையில் ஏறும்போது ஒரு சின்னக் குலுக்கல். நான் அலறினேன். என்னோடு அத்தனை வருஷம் வேலை பார்த்த ருவால் ஓடிவந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு எய்லெர்ட்டிடம், "என்ன எய்லெர்ட், உங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையா? தோர்குன் வரலையா?" என்று கேட்டான்.

நான்தான் என்று சொல்ல முகத்தை நிமிர்த்தப் பார்த்தேன், மோல்ஃப்ரி. நிமிரவில்லை. எய்லெர்ட், "அவ வீட்ல இருக்கா" என்று சொல்லிவிட்டார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார்.

எலும்புகள் அடர்த்தி குறைந்து பலவீனமாகிவிட்டனவாம், மூன்று முதுகெலும்புகள் நொறுங்கி இறங்கியிருக்கின்றன. என் உயரத்தில் ஒன்பது சென்டிமீட்டர் போய்விட்டது. டாக்டர் யெல்லே நல்ல பெண். மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். "உடைஞ்சது ஒட்டிக்கும், வலியும் கொஞ்சம் கொஞ்சமா குறையும். ஆனா குறைஞ்ச உயரம் திரும்பாதும்மா. ஒண்ணு உடைஞ்சவங்கள்ல அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்குள்ளயே இன்னொண்ணு உடையுது. உங்களுக்கு மூணு உடைஞ்சிருக்கு. இன்னும் கூனினா மூச்சு விடவும் கஷ்டமாயிடும்" என்றார். இதனால் ஆயுள் குறையுமா என்று கேட்டேன். "குறையலாம்" என்றார்.

இப்போதே அரைத் தட்டு சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது. படுத்தால் முதுகு விடுவதில்லை. காலுறை மாட்டுவது, தலை கழுவுவது, கழிப்பறை எல்லாமே எய்லெர்ட்தான். அவருக்கும் எழுபத்து நாலு. வாரத்துக்கு இரண்டு தடவை உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். இருபது நிமிஷத்தில் போய்விடுகிறாள். போன வாரம் என்னைத் தூக்கும்போது அவருக்குத் தோள் இழுத்துக்கொண்டது. "ஒண்ணுமில்லடி, நீ இப்போ இறகு மாதிரிதான் இருக்கே" என்று சிரித்தார். பிறகு விறகுக் கொட்டகைக்குப் போனவர் வெகு நேரம் வரவில்லை. விறகு பிளக்கிற சத்தமும் கேட்கவில்லை.

இப்போது உன் விஷயம். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய படத்தில் உன் தலை பியார்னேவின் தோளுக்குத்தான் வருகிறது. கல்யாணத்தன்று காது வரை இருந்தாய். பாவாடை தரையைத் தொடுகிறதே என்று போனில் கேட்டதற்கு, "இப்பல்லாம் பாவாடைய ரொம்ப நீளமா தைக்கிறாங்கக்கா" என்றாய். இடுப்புக்கு மேலே வலித்தால் தலையணையைத் திட்டுகிறாய். பாவாடை நீளவில்லை, மோல்ஃப்ரி. நானும் இப்படியேதான் ஒவ்வொன்றையும் சிரித்துத் தள்ளினேன். இந்த வாரமே டாக்டரிடம் போ. முதுகைப் படம் எடுக்கச் சொல், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் சொல். வயசுதான் என்று சொன்னால் நாற்காலியை விட்டு எழாதே.

இனி எழுதப் போவது எய்லெர்ட்டுக்குத் தெரியாது. எனக்குத் தினமும் ஓர் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து உடைவதைப் பாதிக்கு மேல் தடுக்குமாம். நேற்று வரை பத்தொன்பது நாள் நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மருந்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் திறந்துவிட்டேன். உடைந்து தீரட்டும், அந்த மனுஷனாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான்.

நேற்று உன்னை டாக்டரிடம் போகச் சொல்லி எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எந்த முகத்தோடு உனக்குச் சொல்வது? இன்று காலை ஊசியை வயிற்றில் குத்திக்கொண்டேன். நாளைக்கும் போட்டுக்கொள்வேன் என்று எனக்காகச் சத்தியம் செய்ய முடியவில்லை. உனக்காகச் செய்ய முடிகிறது. நீ படம் எடுத்துக்கொண்டு, என்ன சொன்னார்கள் என்று எழுது. உன் கடிதம் வரும்வரை ஒருநாள் விடாமல் போட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிடாதே, கண்ணு.

நிமிர்ந்து நடக்கிற நாட்கள் உனக்கு நிறைய இருக்கட்டும்.

உன் அக்கா,
தோர்குன்