படம் தெளிவாகத் தெரிந்த சாயங்காலம்

நைனா,

நேற்று உன் பேரன் என்னை டிவி கடைக்குக் கூட்டிப்போனான். புது வீட்டு ஹாலுக்குப் பெரிய டிவி வேண்டுமாம், அதை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே அருவி விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர் வந்து, "உங்க ஹால் எவ்ளோ பெரிசும்மா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "நீயே பாத்து எடுப்பா" என்று மகனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். தலைசுற்றல் என்று நினைத்து அவன் சோடா வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். அவனிடம் என்ன சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

திருத்தணியில் என் மாமனார் ரைஸ் மில்லுக்குப் பக்கத்திலேயே புது வீடு கட்டிய வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகி அப்போதுதான் இரண்டாவது ஆடி வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் மாமாவுக்குப் பெருமை என்றால் ஹால்தான். யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, மொசைக் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடத்திக் காட்டுவார். "ரெண்டு வரிசை பந்தி போடலாம்" என்பார். ஒரு சுவரை மட்டும் காலண்டர்கூட மாட்டாமல் விட்டுவைத்திருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க உன் வீட்டுக்கு வந்தபோது, "அந்தச் செவுரு உங்க சீருக்குத்தான் சம்பந்தி. கலர் டிவி ஒண்ணு" என்றார். நீ உடனே, "ஆங், அதுக்கென்னங்க, செஞ்சுட்டாப் போச்சு" என்றாய். கனகம்மாசத்திரம் டீக்கடை ரேடியோவைத் தவிர வேறெதையும் நின்று கேட்டறியாத ஆள் நீ. ஏரிக்கரை நிலமும் ஒரு கிணறும்தான் உன் உலகம்.

டிவி வாங்க நாம் நாலு பேர் மெட்ராஸ் போனோம். நீ, நான், மாமா, என் வீட்டுக்காரர். ரயிலில் நீ எங்களோடு உட்காரவில்லை. காத்து வேண்டும் என்று கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாய். மஞ்சள் பையை மார்போடு அணைத்திருந்தாய். கடையில் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நீ நின்றதும், மாமா உன்னைத் தாண்டிப் போய்த் திறந்ததும் ஞாபகம் இருக்கிறது.

கடைக்காரர் முதலில் ஒரு சின்ன டிவியைக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. என் வீட்டுக்காரர், "இதுவே போதுமே" என்றார். "ஹால் எவ்ளோ பெரிசு சார்?" என்று கடைக்காரர் கேட்டதுதான் தாமதம், மாமா நடந்தே காட்டிவிட்டார். "அப்போ இது எடுபடாது சார். கடைசில உக்காந்தவங்களுக்கு மூஞ்சே தெரியாது" என்று எங்களை உள்ளே கூட்டிப்போனார். அங்கே மரப்பெட்டிக்குள், இழுத்து மூடுகிற கதவோடு, நாலு காலில் ஒன்று நின்றது. கடையிலேயே பெரியது.

மாமா உன் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் உனக்குத்தான் தலைகுனிவு என்று பட்டது. நீ கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாய். "ஏம்மா, கைமுடியெல்லாம் நிக்குது பாரு" என்று சிரித்தாய். பிறகு திரும்பி, "பெரிசே குடுங்க. எம் பொண்ணு வீட்ல எதுவும் சின்னதா இருக்கக் கூடாது" என்றாய்.

டிவி வந்தது. படம் வரவில்லை.

எங்கள் வீடு மலைக்கு இந்தப் பக்கம், மெட்ராஸ் அந்தப் பக்கம். ஆண்டெனா கட்ட வந்தவர் மாடியில் கம்பத்தை நட்டு, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலை மறைக்குதுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். திரை முழுக்க உப்பைக் கொட்டினமாதிரி புள்ளிகள், ஒரே இரைச்சல். வந்தவர்களிடமெல்லாம் மாமா, "சம்பந்தி வாங்கிக் குடுத்த டிவி, மழை மட்டும்தான் காட்டுது" என்று சொல்ல ஆரம்பித்தார். அது உன் காதுக்கு எப்படியோ வந்துவிட்டது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ பஸ் ஏறி வந்தாய். வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு நேரே மாடிக்குப் போவாய். நீ கம்பத்தைத் திருப்புவாய், ஜன்னலோரம் என் நாத்தனார் நின்று கத்துவாள். "வருது, வருது! அய்யோ, போச்சு! கொஞ்சம் இந்தாண்ட!" அடுப்படியில் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் நான் தாளிக்கிற கரண்டியை வேண்டுமென்றே உரக்கத் தட்டுவேன். உன்னைக் கூப்பிட்டு விரட்டுகிறமாதிரி இருக்கும் எனக்கு. உனக்கு அப்படி இல்லை. கீழே வந்து, "மூஞ்சி தெரிஞ்சுதாமே!" என்று ஏதோ கிணற்றில் தண்ணீர் ஊறினமாதிரி சொல்வாய்.

ஆடிக் கிருத்திகை அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. சித்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் காவடி முடித்துவிட்டு எங்கள் வீட்டில்தான் இறங்கினார்கள். ஹால் நிறைந்துவிட்டது. நீயும் காலையில் பூக்காவடி எடுத்திருந்தாய். வெயிலில் வெறுங்காலோடு மலையேறி இறங்கி, உள்ளங்கால் கொப்புளித்து, ஒருபக்கமாக ஊன்றி நடந்துவந்தாய். சாயங்காலம் டிவியில் படம். நீ கேட்காமலேயே மாடிக்குப் போய்விட்டாய்.

அன்றைக்குக் காத்து பேய்க்காத்து. நீ கம்பத்தைப் பிடித்தால் படம் வந்தது, விட்டால் போனது. இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும், மாமா ஜன்னல் வழியாக, "சம்பந்தி, அப்டியே புடிச்சிகினு இருங்க! அசையாதீங்க!" என்று குரல் கொடுத்தார். "சரிங்க!" என்றாய்.

படம் தெளிவாக வந்தது, நைனா. அந்த டிவியில் அவ்வளவு தெளிவாக அதற்குமுன் வந்ததே இல்லை. கதாநாயகி புடவையின் கரைகூடத் தெரிந்தது. எல்லோரும் பாட்டில் மூழ்கிவிட்டார்கள். நான் தட்டில் காப்பி கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படம் ஆடாமல் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் நீ மேலே நிற்கிறாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தமாதிரி இருந்தது.

இனி எழுதப்போவதை நீ இருந்தவரை உன்னிடம் சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருவர், "என்னா மாமா, ஆண்டெனாவுக்குன்னு தனியா ஆள் போட்டுக்கினியா?" என்று கேட்டார். மாமா காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "டிவி வாங்கனப்போ கூடவே குடுத்தாங்கப்பா" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. குழந்தைகள்கூடச் சிரித்தன.

தட்டைத் தரையில் வைத்தேன். போய் டிவியை நிறுத்தினேன். மரக்கதவையும் இழுத்துச் சாத்தினேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. மாமா எழுந்து வந்தார். என் வீட்டுக்காரர் அவருக்குமுன் போய் டிவியை மறைத்து நின்றுகொண்டார். நகரவே இல்லை. அந்த அமைதியில் மேலேயிருந்து உன் குரல் வந்தது. "இப்ப தெரியுதாங்க?"

கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரக்க, "ஏங்க, தெரியுதாங்க?"

நான் வெளிப்படிக்கட்டில் ஏறி வந்தேன். இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, கால்விரல்களை மடக்கிக்கொண்டு நின்றிருந்தாய். நெற்றியில் விபூதி வேர்வையோடு வழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாய்.

"சத்தத்தையே காணோமே, கரண்ட் போச்சாம்மா?"

"ஆங், போச்சு நைனா. விட்டுட்டு வா" என்றேன்.

நீ தலையைத் தூக்கினாய். எதிரே மலை. கிருத்திகைக்காகப் போட்ட சீரியல் விளக்குகள் மலை முழுக்க எரிந்துகொண்டிருந்தன. தெருவிளக்கு எரிந்தது. கீழே ஹால் ஜன்னல் வெளிச்சம் தென்னை மரத்தில் விழுந்திருந்தது. நீ எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாய். என்னைப் பார்த்தாய். கம்பத்திலிருந்து ஒவ்வொரு கையாக எடுத்தாய்.

"சரிம்மா" என்றாய்.

அதுவரை நீ மகளுக்கு உதவி செய்துகொண்டிருந்தாய். நான் வந்து நின்றபிறகுதான் அது வேறொன்றாகிவிட்டது. உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

பின்பக்கக் குழாயில் கால் கழுவிக்கொண்டு, ஹாலுக்குள் வராமல் வாசலில் நின்று, "நான் கெளம்பறேங்க சம்பந்தி" என்றாய், எப்போதும்போன்ற குரலில். மாமா வெளியே வந்தார். உன் காலைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்ட்டுப் போங்க" என்றார். "விரதங்க" என்றாய். மதியமே என் கையால் சாப்பிட்டுவிட்டாய் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த மாசக் கடைசியில் மாமா தனியாகப் பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று அவரும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. இலை போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நீ பக்கத்திலேயே நின்று பரிமாறினாயாம், அம்மா சொன்னாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் உன்னை எதற்கும் கேட்டதில்லை. நீயும் வந்தாய், போனாய், பேரனைத் தோளில் தூக்கித் திரிந்தாய். ஆனால் அந்த ஹாலில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், உனக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு டிவிய நிறுத்தனதுக்கு எம்மேல கோவமா நைனா?"

நீ கஞ்சியை மெல்ல விழுங்கினாய். "கோவம் இன்னாத்துக்கும்மா" என்றாய். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ நிறுத்தாம இருந்தா, எல்லாரும் நல்லாப் படம் பாத்தாங்கன்னு சந்தோஷமா ஊருக்குப் போயிருப்பேன். அவ்ளோதான்" என்றாய்.

அந்தச் சிரிப்பு உன் காதில் விழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மாமா சொன்னதை உன்னிடம் சொல்லியிருந்தால், நான் ஏன் நிறுத்தினேன் என்பது உனக்குப் புரிந்திருக்கும். என் பக்கம் நியாயம் வந்திருக்கும். வாய்வரை வந்தது. உன் உதட்டோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்தேன்.