காற்று இயந்திரத்துக்கு ஒரு கிடங்கு

நாள் 211, காலை 09:10

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். செரஸ் குறுங்கோள், சுரங்க நிலையம் மூன்று. அழுத்தம் சரி. தண்ணீர் சரி. வெப்பம் சரி. ஆள் ஒன்று: சேவுகன், எலக்ட்ரீஷியன், ஐ.டி.ஐ., பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன். மற்ற பதினொரு பேரும் போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வரப்போகும் சரக்குக் கப்பலில் பனிக்கட்டியை ஏற்றிவிட்டு அதிலேயே நானும் ஏற வேண்டும்.

இன்று ஆயுத பூஜை. ஸ்பேனர், வெல்டிங் மெஷின், முதல் காற்று இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்தேன். சந்தனத்துக்கு கிரீஸ், பொரிக்கு பிஸ்கட் தூள். இரண்டாவது காற்று இயந்திரத்தை நிறுத்தவில்லை. பக்தி உண்டு, ஆனால் மூச்சும் விட வேண்டுமே.

நாள் 212, 08:30

முதல் இயந்திரத்தைப் போட்டேன். எழவில்லை. திரையில் ஒரே வரி: பெட்டி கிடைக்கவில்லை.

இவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. எழும்போதெல்லாம் பூமியிலுள்ள கம்பெனியின் கிடங்கைக் கேட்கும், ரெஜிஸ்ட்ரி என்பார்கள். நிரலை அடைத்த பெட்டி ஒன்று அங்கிருந்து வரும். பிரித்துப் போட்டுக்கொண்டு ஓடும். அந்தக் கிடங்கைக் கம்பெனி மூடியிருக்கிறது. நிற்காமல் ஓடியிருந்தால் பிரச்சினையே இல்லை. இருநூறு நாள் ஓடியதைப் பொட்டு வைப்பதற்காக நிறுத்திய மேதை நான்தான்.

இரண்டாவது இயந்திரத்தின் பேரிங் சுடுகிறது. கை வைக்க முடியவில்லை.

09:40

பூமிக்குச் செய்தி போய்வர ஐம்பது நிமிடம். கட்டுப்பாட்டு அறை எட்வினின் பதில்:

"அண்ணே, நிலையம் மூணு மூடியாச்சுண்ணே. லிஸ்ட்ல அங்க ஆளே இல்ல. நீங்களும் கப்பல் ஏறிட்டதா கையெழுத்து இருக்கு."

நான் அனுப்பியது: "ஆளே இல்லேன்னா யாரைய்யா அண்ணேங்கிற?"



13:05

மகள் பூங்கோதை கோவையில் இந்த மாதிரி நிரல்கள் எழுதுகிறவள். நடந்ததை அவளுக்கு அனுப்பியிருந்தேன். அவள் செய்தி:

"சாமி கும்பிட மூச்சு மெஷினையாப்பா நிறுத்துவாங்க? அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ரெண்டாவது மெஷினுக்குள்ள அதே பெட்டி இருக்கும். ஆனா முதல் மெஷின் கிடங்குகிட்ட மட்டும்தான் வாங்கும், பக்கத்து மெஷின்கிட்ட வாங்காது. அதனால நீங்களே ஒரு கிடங்கு கட்டுங்க. சோர்ஸ் கோட் அனுப்பியிருக்கேன், அது பொதுவுல கிடைக்கிறது, எவனும் கேக்க முடியாது. நான் எழுதினத அப்படியே அடிங்க. கீபோர்டுலப்பா, சுத்தியலால இல்ல."

16:20

அடித்ததை இயந்திர மொழிக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, இடமில்லை என்றது கணினி. நானூறு எபிசோடு சீரியலை அழித்தேன். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதா, இனித் தெரியாது. மறுபடி அடித்தேன். நாற்பத்தோரு பிழை. ஒரு புள்ளியை விட்டிருந்தேன். புள்ளியை வைத்ததும் நாற்பத்தோரு பிழையும் போனது. வாழ்க்கையில் எனக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை.

17:50

கிடங்கு ஓடுகிறது. சுவரும் இல்லை, கூரையும் இல்லை, பூட்டும் இல்லை. பூட்டை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். இரண்டாவது இயந்திரத்திலிருந்து பெட்டியை ஏற்றினேன். முதல் இயந்திரத்துக்கு என் கிடங்கின் முகவரியைக் கொடுத்தேன். கேட்டது. வாங்கியது. எழுந்தது.

18:15

இரண்டாவது இயந்திரம் புகைந்து நின்றது. போகட்டும், நல்ல உழைப்பாளி.

நாள் 213, 10:05

கம்பெனி: "அனுமதியற்ற கிடங்கு கண்டறியப்பட்டது. அகற்றப்படும்."

எட்வின்: "அண்ணே, ஆளில்லாத இடத்துல மெஷின் ஓடுதுன்னு மேல எகிறுறாங்க. நான் பேசிப் பாத்துட்டேன். ஒத்துக்கங்கண்ணே."

எதை ஒத்துக்கொள்ள? நான் இல்லை என்பதையா?

10:12

கிடங்கின் பதிவேட்டில் நான் எழுதாத வரி ஒன்று: அழி. என் கிடங்கு மரியாதையாக "சரி" என்று சொல்லியிருக்கிறது. பெட்டி போய்விட்டது. முதல் இயந்திரம் தன்னிடமுள்ள நகலை வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு முறை நிறுத்தினால் நகலும் அழியும். அடுத்து அதைத்தான் செய்வார்கள். ஓடிப்போய் ஆண்டெனா வயரைப் பிடுங்கினேன்.

10:40

பிடுங்குவதற்கு முன் வந்து சேர்ந்திருந்த செய்தியை இப்போதுதான் கேட்டேன். பூங்கோதை:

"கப்பல்காரங்ககிட்ட பேசிட்டேன்பா, உங்களை ஏத்திக்கிறாங்க. ஒம்பது நாள்ல வரும். உங்க சிக்னலைப் பிடிச்சுதான் வருது. ஒரு மணி நேரம் சிக்னல் இல்லேன்னா தானாவே வேற பக்கம் திரும்பிடும். ஆண்டெனாவை மட்டும் தொட்டுராதீங்க."

11:05

ஓடும் இயந்திரத்திலிருந்து பெட்டியை மறுபடி கிடங்கில் ஏற்றினேன். இந்த முறை பூட்டு போட்டேன். கடவுச்சொல் இல்லாமல் யாரும் அழிக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. வயரைச் சொருகினேன்.

11:10

முதல் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அது என் கிடங்கைக் கேட்டது. கிடங்கு கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். 11:18 ஓடுகிறது. கெட்டிக்காரன்டா சேவுகா.

11:20

மறுபடி நின்றது. கட்டளையைப் படித்தேன்: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்து. அது இயந்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. வயரைப் பிடுங்கினாலும் போகாது. எழுவதற்கு எட்டு நிமிடம். இரண்டு நிமிடக் காற்று. ஓர் ஆளுக்கு மயிரிழையில் போதும்.

ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை நான் அடிக்க வேண்டும். தானாக அடிக்க வைக்க எனக்குத் தெரியாது. பூட்டை எடுத்தால் அழிப்பார்கள். பூங்கோதையிடம் கேட்டேன். ஐம்பது நிமிடம் கழித்துக் கம்பெனியிடமிருந்து வந்தது: "தனிப்பட்ட செய்திகள் நிறுத்தப்பட்டன."

ஒன்பது நாள். தூங்கக் கூடாது.

நாள் 214, 12:00

நின்றது. அடித்தேன். 12:08 ஓடுகிறது. 12:10 நின்றது. அடித்தேன். 12:18.

நாள் 215, 15:30

நின்றது. அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். 15:39. ஒரு நிமிடக் காற்று.

நாள் 216, 13:50

நின்றது. கண் எரிகிறது. தவறு. தவறு. எங்கும் எழுதி வைக்கவில்லை, இதையா மறப்பேன் என்று. கடவுச்சொல் பூங்கோதையின் பிறந்த நாள். தேதி ஒன்பது. மழை பெய்தது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். மாதம்

13:57

மாதம்