மூன்று முறை கேட்கும் விதி

நாள் 212, 09:10
இழுவைக்கலம் நலம். எரிபொருள் அறுபத்திரண்டு சதவீதம். இன்றைய வேலை பொருள் 41, கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம். நிலவின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. தாழ்வாகச் சுற்றும் எதுவும் நாளடைவில் எங்காவது விழும். தளங்களின் மேலும் விழலாம். அதனால் வேகத்தைக் குறைத்து, மறுபக்கத்து இடுகாட்டுப் பள்ளத்தில் நாமே விழவைக்கிறோம். உந்துதல் 10:40க்கு.

09:35
கூடத்தைப் பிடித்தாயிற்று. பிடி இறுகியதும் அதன் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன.

முன்பெல்லாம் இந்தக் கட்டத்தில் வானொலியில் மூன்று முறை கேட்போம்: "உள்ள யாராவது இருக்கீங்களா?" இயக்குநர் கோதண்டம் அந்த விதியை நீக்கினார். "பொணத்துக்கிட்ட என்னம்மா குசலம் விசாரிக்கிறீங்க?" கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பொருள் 33. உள்ளே எங்கள் குழுவின் எழினி கருவி கழற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. தள்ளியது நான். விசாரணையில் கோதண்டம் சொன்னார்: "தமயந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவருடைய ஆணை இன்றும் நடப்பில் இருக்கிறது.

10:05
வானொலியில் குரல். "யாரு இழுவையில? கோதண்டம் பேசறேன். கூடத்துக்குள்ள இருக்கேன், கதவு பூட்டிக்கிச்சு!"

கேமராவைத் திருப்பினேன். பின்பக்கம் அவருடைய சிறுகலம் ஒட்டியிருக்கிறது.

"திறப்பு விழாப் பலகை… என் பேர் போட்டது. வீணாப் போகுதேன்னு கழட்ட வந்தேன். யார்கிட்டயும் சொல்லலை, சிரிப்பாங்க."

கதவு திறக்கும் விசை என் இடதுகைப் பக்கம்.

10:22
"தமயந்தியா? ஏம்மா, பேசுங்க. எழினி விஷயத்துல உங்க மேல பழி போட்டது தப்புதான். திறங்க, கால்ல விழறேன்."

எழினியும் கூப்பிட்டிருப்பாள். "அக்கா" என்றுதான் கூப்பிட்டிருப்பாள். அன்று வானொலியை அணைத்து வைத்திருந்தேன். கேட்கும் வேலைதான் இல்லையே.

10:38
ஊழ், தெய்வம் எதையும் நான் நம்பியதில்லை. இதைப் படிப்பவர் பழியை அவற்றின் மேல் போட வேண்டாம். செய்வது நான்.

விசை மேல் கை. எடுத்துவிட்டேன்.

10:41
நாற்பத்திரண்டு விநாடி உந்துதல். பிடியை விட்டு விலகினேன்.

11:34
விழுந்தது. குறித்த இடத்திலேயே.

வானொலியை இம்முறை அணைக்கவில்லை. கடைசிவரை

படிவம் நிரப்ப வேண்டும்.
பொருள்: 41.
உள்ளே ஆள் உண்டா: ஆணைப்படி, கேட்கவில்லை.