பிடிபட்ட சிப்பாய்

அக்கா,

காலையில் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாடுகள் போர்க்கைதிகளை மாற்றிக்கொண்டனவாம். பேரன் தட்டிலிருந்து தலை தூக்காமல், "என்ன தப்பு செஞ்சாங்களாம்?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளில் போடிக்கு அரசாங்க விளம்பர வண்டியில் வந்தீர்கள். வண்டியும் படம் காட்டும் கருவியும் அரசாங்கத்துடையவை. பேச ஆள் உங்கள் நிவாரணச் சங்கத்திலிருந்து. சண்டையில் காயம்பட்டவனையும் பிடிபட்டவனையும் ஊர்ச்சனங்களையும் துன்புறுத்தக் கூடாதென்று நாடுகள் ஜெனீவாவில் கூடிச் செய்த ஒப்பந்தத்தை ஜனங்களுக்கு விளக்க வேண்டும். சந்தைத் திடலில் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. சட்டத்துக்காக அல்ல, படத்துக்காக.

என் அண்ணன் அப்போது போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்து, கடல் தாண்டிய சண்டையில் எதிராளியிடம் பிடிபட்டு, முள்வேலிக்குள் கிடந்து வந்தவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'செயில்காரன்'. சிலமலையில் எனக்குப் பேசிய சம்பந்தமும் அதனால்தான் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பிடிவாதக்காரர். அவருடைய மூத்த மகனும் அதே சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. பிடிபட்டிருக்கலாம் என்று யாராவது சொன்னால், "எம்பய செத்தாலும் சாவான், கைதியாப் போகமாட்டான்" என்பார். அதற்குமேல் அவரிடம் வாய் திறக்க ஆள் கிடையாது.

திடலில் முதலில் வண்டியோடு வந்த அரசாங்க அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். போர்க்கைதிகளுக்கு உணவும் மருந்தும் மரியாதையும் தர வேண்டும் என்று வந்தபோது, முன்னால் இருந்த அந்தச் சிலமலைக்காரர் எழுந்துவிட்டார்.

"கைதின்னா களவாண்டவன்தானே? அவனுக்கு எதுக்குய்யா மருவாதி?"

கூட்டம் சிரித்தது. அண்ணன் நகர்ந்து ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அதிகாரி அடுத்த பத்திக்குத் தாவப் பார்த்தார். நீங்கள் அவர் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டீர்கள்.

"அவங்க களவாண்டவங்க இல்லைங்கய்யா. பிடிபட்ட சிப்பாய். அது தண்டனை இல்ல. சண்டை முடியுற வரைக்கும் நிறுத்தி வைக்கிறது. முடிஞ்சா வீட்டுக்கு அனுப்பணும்."

யாரும் சிரிக்கவில்லை. கீழே இறங்கியதும் அதிகாரி முகத்தைச் சுளித்தார். மேலிடம் ஒத்துக்கொண்ட தாளில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாதாம். யாராவது கேட்டால் சங்கம் பதில் சொல்லும் என்றீர்கள். மறுநாள் குரங்கணியில் அவரே 'போர்க்கைதி' என்றிருந்த இடத்தில் 'பிடிபட்ட சிப்பாய்' என்று வாசித்ததை அண்ணன் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரமே சிலமலைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சம்பந்தம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா காப்பி போட ஓடினாள். அவரோ அண்ணனுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"அப்பு, அந்த வேலிக்குள்ள எம்பய மாதிரி யாரையும் பாத்தியா?"

அண்ணன் பார்த்திருக்கவில்லை. அப்போது இன்னும் எங்கள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த உங்களிடம் அவரைக் கூட்டிவந்தார். மகனின் பெயரையும் படைப்பிரிவையும் கேட்டுக்கொண்டு, வெளிநாட்டுச் சங்கங்கள் வழியாகத் தேட ஏற்பாடு செய்தீர்கள். அந்தத் தையில் எனக்கு அதே வீட்டில் கல்யாணம் ஆயிற்று. தேடல் மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

ஒருநாள் உச்சிவெயிலில் பஸ்சிலிருந்து இறங்கி நடந்து வந்தீர்கள். மாமனார் எழுந்து நின்றார்.

"எங்கயும் பேரு இல்லைங்கய்யா. இருக்காருன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. அதை நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

இதற்கா இவ்வளவு தூரம், ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே என்றேன் நான். மாமனார் என்னை முறைத்து, வந்தவுகளுக்கு இலையைப் போடச் சொன்னார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை மூத்த மகனைப் பற்றியே பேசினார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான்.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. மனசு உங்களைத் தேடுகிறது, அக்கா. பிற்பாடு நான் பஞ்சாயத்து உறுப்பினராக இருந்த காலத்தில், கேட்ட உதவிக்கு 'முடியாது' என்று சொல்ல வேண்டிய வீடுகளுக்கெல்லாம் உங்களைப் போல நானே நடந்து போனேன். சில வீடுகளில் ஏசினார்கள். சில வீடுகளில் சோறு போட்டார்கள்.